ஈ.எஸ்.ஏ. நிற்கப்போகிறதாம்: ஊர் வீட்டைச் சொல்லவேண்டுமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 53 வயது, அவருக்கு 59. பெற்றோல் ஸ்டேஷனில் பதினாறு வருசம் இரவு வேலை செய்தவர். பிறகு பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் தெளிவில்லை. அன்றிலிருந்து, நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான ஈ.எஸ்.ஏ. உதவியில், வேலை தேடத் தேவையில்லாத சப்போர்ட் குரூப்பில் இருக்கிறார். உடல் இயலாதவர்களுக்கான பிப் காசும் வருகிறது. நான் அவரைப் பார்க்கிறபடியால் கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறேன். வாடகைக்குக் கவுன்சில் ஹவுசிங் பெனிபிட் தருகிறது. 22 வயது மகன் எங்களோடு இருந்து வேலைக்குப் போகிறான்.

இந்த மாதம், 2025 ஒக்டோபர் 6 ஆம் திகதி போட்ட கடிதம் ஒன்று வந்திருக்கிறது. ஜனவரி 6-க்கு முதல் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காவிட்டால் இப்போது வருவது நின்றுவிடும் என்று மகன் வாசித்துச் சொன்னான். தெரிந்த ஒருவர், "பேசாமல் இருங்கோ, அவங்களே மாத்திவிடுவாங்கள்" என்கிறார். இன்னொருவர் 150 பவுண் தந்தால் தானே எல்லாம் நிரப்பித் தருவதாகச் சொல்கிறார்.

எனக்கு இருக்கிற பெரிய பயம் வேறு. கொக்குவிலில் எனக்குச் சீதனமாக எழுதிய வீடு இருக்கிறது. 81 வயது அம்மா அதில் இருக்கிறா. இவருக்கும் கிளிநொச்சியில் இரண்டு சகோதரங்களோடு சேர்த்து ஒரு காணி இருக்கிறது. வங்கியில் 2,400 பவுண். டிசம்பரில் சீட்டுக் காசு 5,000 பவுண் வரும். இதையெல்லாம் சொன்னால் உதவியை நிறுத்திவிடுவார்களா? என்னையும் வேலைக்குப் போகச் சொல்வார்களா? மகனின் சம்பளத்தையும் பார்ப்பார்களா? தை மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகவும் இருக்கிறேன். இரவில் நித்திரை இல்லை.

— ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"பேசாமல் இருங்கோ" என்று சொன்னவரின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தில் நான் பயந்த ஒரே இடம் அதுதான். வீடு, காணி, சீட்டு, மகன் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஜனவரி 6 ஆம் திகதி ஒன்றும் செய்யாமல் கடந்து போனால்தான் சிக்கல்.

யுனிவர்சல் கிரெடிட் 2013 இல் தொடங்கியது. வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் ஈ.எஸ்.ஏ., வேலை தேடுபவர்களுக்கான ஜே.எஸ்.ஏ., இன்கம் சப்போர்ட், ஹவுசிங் பெனிபிட், இரண்டு வகை டாக்ஸ் கிரெடிட் என்று ஆறு பழைய உதவிகளின் இடத்துக்கு இந்த ஒன்று வருகிறது. டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5 உடன் முற்றாக முடிந்துவிட்டது. அடுத்து ஈ.எஸ்.ஏ. எடுப்பவர்களின் முறை வந்தது. உங்களுக்கு வந்தது மைக்ரேஷன் நோட்டீஸ், அதாவது புதிய உதவிக்கு மாறச் சொல்லும் கடிதம். அது மோசடிக் கடிதமோ வெறும் அறிவித்தலோ அல்ல. ஈ.எஸ்.ஏ. ஒரு இடத்திலிருந்து வருகிறது, ஹவுசிங் பெனிபிட் கவுன்சிலிலிருந்து வருகிறது. இரண்டையும் தூக்கி ஒரு பெட்டியில் போட்டுத் தரும் ஆள் எந்த அலுவலகத்திலும் இல்லை. நீங்கள் இருவரும் புதிதாக விண்ணப்பித்தால்தான் புதிய உதவி தொடங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தா. டாக்ஸ் கிரெடிட் எடுத்துக்கொண்டிருந்தவ. அந்தக் கடிதத்தைப் பாஸ்போர்ட்டுகள் வைக்கும் பிஸ்கட் பேணிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தா. முக்கியமான கடிதம் என்று தெரிந்தபடியால்தான் அங்கே வைத்தா, என்ன செய்யவேண்டும் என்பதுதான் தெரியவில்லை. என் மேசையில் அதை விரித்தபோது கெடு முடிந்து நான்கு மாதம். யுனிவர்சல் கிரெடிட் எடுத்துக் கொடுத்தோம். ஆனால் பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் இருந்த வித்தியாசத்தை ஈடுசெய்யும் காசு அவவுக்குக் கிடைக்கவே இல்லை. நேரத்துக்கு வந்திருந்தால் மாதாமாதம் வந்திருக்கும்.

அந்த ஈட்டைத்தான் இடைமாற்றப் பாதுகாப்பு என்கிறோம். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முதல் நாள் பழைய உதவிகளில் எவ்வளவு வந்தது, புதியதில் எவ்வளவு வரும் என்று அவர்கள் ஒப்பிடுவார்கள். புதியது குறைவென்றால் அந்தக் குறையை ஒரு தனிப் பகுதியாகச் சேர்த்துத் தருவார்கள். பிறகு மற்றப் பகுதிகள் கூடக் கூட அது கரையும். கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கே அது உரியது. கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தாலும் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆஸ்பத்திரி போன்ற நல்ல காரணம் இருந்தால் கெடு முடிவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து நாள் கூட்டிக் கேட்கலாம்.

உங்கள் வீட்டுக்காரரின் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் சப்போர்ட் குரூப்பில் இருப்பதால், ஈ.எஸ்.ஏ. அறாமல் நேராக மாறினால், புதியதில் எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. என்ற உடல்நலப் பகுதி முதல் நாளிலிருந்தே வரும். அதற்காகப் புதிய மருத்துவ மதிப்பீடு தேவையில்லை. மூன்று மாதம் காத்திருக்கவும் தேவையில்லை. இடையில் அறுந்துபோனால் அந்தத் தொடர்ச்சியை நிரூபிக்க மல்லுக்கட்டவேண்டிவரும். அதோடு, 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பகுதியை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கச் சட்டம் வந்துவிட்டது. ஏற்கனவே எடுப்பவர்களுக்குப் பழைய அளவு தொடரும். அவர் அந்தப் பாதுகாக்கப்பட்ட பக்கத்திலேயே நிற்கவேண்டும். யாராவது ஜீ.பி.யிடம் சிக் நோட் என்ற நோய்ச் சான்று வாங்கி வாருங்கள் என்று கேட்டால், "ஈ.எஸ்.ஏ. சப்போர்ட் குரூப்பிலிருந்து மாறுகிறோம்" என்று ஜேர்னலில், அதாவது உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கத்தில், எழுதுங்கள்.

இனி காசுக் கணக்கு. முதல் மாதப் பட்டியலைப் பார்த்து நீங்கள் திடுக்கிடக்கூடாது என்பதற்காக இப்போதே சொல்கிறேன். 2025-26 வருட அளவுப்படி, 25 வயதுக்கு மேற்பட்ட தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண். அவருடைய உடல்நலப் பகுதி 423.27. நீங்கள் அவரைப் பராமரிப்பதற்கான பகுதி 201.68. மூன்றும் சேர்ந்து 1,253.05. இதற்கு மேல் வாடகைப் பகுதி தனியாக வரும்.

பிறகு கழிப்பார்கள். உங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் அதே வருட அளவில் கிழமைக்கு 83.30, மாதக் கணக்கில் 360.97. அது தொடர்ந்து உங்கள் கைக்கு வரும், ஆனால் அதே அளவு யுனிவர்சல் கிரெடிட்டில் குறையும். அவர் பதினாறு வருசம் வரி கட்டி வேலை செய்தவர் என்றபடியால் அவருடைய ஈ.எஸ்.ஏ.யில் ஒரு பங்கு அவர் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸுக்காக வருவதாக இருக்கலாம். ஈ.எஸ்.ஏ. கடிதத்தை எடுத்துப் பாருங்கள், இரண்டு பங்கும் தனித்தனியே எழுதியிருக்கும். அப்படியென்றால் அந்தப் பங்கு நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ. என்ற பெயரில் முன்போல இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும். அந்த வருட முழு அளவு கிழமைக்கு 140.55, மாதத்துக்கு 609.05. அதையும் கழித்தால் யுனிவர்சல் கிரெடிட்டில் மிஞ்சுவது 283.03 பவுணும் வாடகைப் பகுதியும்தான். பார்க்கச் சின்னத் தொகையாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள் வருவது மூன்று வழியாலும் சேர்ந்த 1,253.05. பல குடும்பங்கள் ஒரு வழியை மட்டும் பார்த்துவிட்டு "வெட்டிப்போட்டாங்கள்" என்று அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பிப் இந்தக் கணக்குக்குள் வராது, அது அப்படியே வரும்.

முதல் காசு வர ஐந்து கிழமை செல்லும் என்பது உண்மை. நவம்பர் 10 ஆம் திகதி விண்ணப்பித்தால் உங்கள் மாதம் 10 இலிருந்து டிசம்பர் 9 வரை. காசு 16 ஆம் திகதியளவில் வரும். ஆனால் வருமானம் பார்த்துக் கொடுக்கும் ஈ.எஸ்.ஏ.யும் ஹவுசிங் பெனிபிட்டும் நீங்கள் விண்ணப்பித்த பிறகும் இரண்டு கிழமைக்குத் தொடரும். அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆகவே உண்மையான இடைவெளி மூன்று கிழமை. அதற்கும் கை இறுகினால் முற்பணம் கேட்கலாம். 24 மாதம் வரை தவணையாகக் கழிப்பார்கள். அது கடன். வட்டி இல்லை என்றாலும் மாதா மாதம் குறையும். வங்கியில் உள்ள காசைக் கொண்டு சமாளிக்க முடிந்தால் எடுக்காமல் விடுங்கள்.

இப்போது உங்கள் நித்திரையைக் கெடுக்கிற வீட்டுக்கு வருகிறேன்.

சொல்லவேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறு வீடு, காணி இருக்கிறதா என்று கேட்பார்கள். இலங்கையில் இருப்பதும் அதற்குள் அடங்கும். இருவரும் சேர்ந்து விண்ணப்பிப்பதால் உங்கள் பெயரில் இருந்தாலும் அவர் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் சொல்வது என்பதும் கணக்கில் எடுப்பது என்பதும் வேறு வேறு. ஓய்வூதிய வயது கடந்த நெருங்கிய உறவு ஒருவர் ஒரு வீட்டைத் தன் குடியிருப்பாக வைத்திருந்தால் அந்த வீட்டின் பெறுமதியை விட்டுவிடவேண்டும் என்று யுனிவர்சல் கிரெடிட் விதியிலேயே இருக்கிறது. பெற்ற தாய் நெருங்கிய உறவு. 81 வயது அம்மா கொக்குவிலில் அந்த வீட்டில் இருக்கும்வரை அது எத்தனை கோடி ரூபாய் பெறுமதி என்றாலும் உங்கள் கணக்கில் பூச்சியம். பழைய ஈ.எஸ்.ஏ. விதியிலும் இதே விலக்கு இருந்தது.

உறுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சீதன உறுதிகளில் தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவது வழக்கம். உங்களுடையதிலும் அந்த வரி இருந்தால் அம்மா இருக்கும்வரை அந்த வீட்டை நீங்கள் காலிசெய்து விற்கவே முடியாது. அதுவும் உங்கள் பக்கத்துக்குப் பலம். கொக்குவிலில் உள்ள ஒன்றுவிட்ட தம்பியோ யாரோ உறுதியின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அம்மாவின் அடையாள அட்டை, அந்த விலாசத்தில் அவவின் பெயருக்கு வரும் மின்சாரக் கட்டணச் சிட்டை ஒன்று, கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம் ஒன்று. இவை கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்கும்போது நாக்கு உலராது.

சொல்லவே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. அம்மா காலமானால் அந்த விலக்கும் அன்றோடு போய்விடும். அதை உடனே ஜேர்னலில் அறிவிக்கவேண்டும். விற்க முயற்சி எடுத்தால் ஆறு மாதம் வரை கணக்கில் எடுக்கமாட்டார்கள். துக்க வீட்டில் யாருக்கும் இது ஞாபகம் வராது. அதனால் இப்போதே மகனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கிளிநொச்சிக் காணி இன்னொரு கதை. அதில் விலக்கான ஒருவர் குடியில்லை என்றால் அது மூலதனம், அதாவது கணக்கில் எடுக்கும் சேமிப்பு, சொத்து. மூலதனம் 6,000 பவுணுக்குள் என்றால் ஒன்றும் குறையாது. 16,000 ஐத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. இடையில் இருந்தால் 6,000 க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும், அல்லது அதன் துண்டுக்கும், மாதம் 4.35 குறையும். மூன்று பேரும் சமபங்காளர் என்றால் உங்கள் வீட்டுக்காரருடையது மூன்றில் ஒன்று. முழுக் காணியின் விலையை மூன்றால் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். பிரிக்காத பொதுக் காணியில் ஒரு பங்கை மட்டும் வெளியாள் வாங்க வந்தால் அடிமாட்டு விலைதான் கேட்பான், அந்த விலையே சரியான பெறுமதி. அங்குள்ள விலைமதிப்பாளர் ஒருவரிடம் பங்கின் விலையை எழுத்தில் வாங்குங்கள். அதில் விற்பனைச் செலவுக்கென்று நூற்றுக்குப் பத்து கழிப்பார்கள். காணி ஈட்டில் இருந்தால் அதையும் கழிப்பார்கள். அங்கிருந்து இங்கே காசைக் கொண்டுவருவதற்குத் தடை உள்ள நிலையென்றால் மதிப்பிடும் முறையே மாறும். அதை உங்கள் ஆலோசகரோடு இருந்து பாருங்கள்.

உதாரணத்துக்கு அவர் பங்கு 4,500 பவுண் என்று வைப்போம். பத்து வீதம் கழிய 4,050. வங்கியில் உள்ள 2,400 ஐச் சேர்த்தால் 6,450. மேல் மிச்சம் 450, அதாவது இரண்டு துண்டு, மாதம் 8.70 குறையும். டிசம்பரில் சீட்டுக் காசு 5,000 சேர்ந்தால் 11,450. மேல் மிச்சம் 5,450, இருபத்திரண்டு துண்டு, மாதம் 95.70 குறையும். ஒரு நாளில் எல்லாம் போய்விடும் என்று நீங்கள் பயந்தீர்கள். கணக்கு இவ்வளவுதான்.

பழைய ஈ.எஸ்.ஏ. விண்ணப்பத்தில் இந்தக் காணியைச் சொன்னீர்களா என்பது எனக்குத் தெரியவேண்டும். அங்கும் 6,000, 16,000 என்ற எல்லைகள்தான். சொல்லாமல் விட்டிருந்தால், அதன் பெறுமதி எல்லையைத் தாண்டியிருந்தால், கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். இதைக் கேட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். நீங்களாகப் போய்ச் சொல்வது ஒன்று, பிறகு அவர்கள் கண்டுபிடிப்பது வேறு ஒன்று. அங்கே தெரியவராது என்று யாரும் சொன்னால் அந்தப் பேச்சு உங்களுக்கு வேண்டாம். விண்ணப்பிக்க முன் ஆலோசகர் ஒருவரோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்து பேசுங்கள். நீங்கள் சொல்வது அந்த அறையைத் தாண்டாது.

சீட்டுக் காசும் உங்கள் கணக்கில் விழுந்த நாளிலிருந்து மூலதனம். சீட்டில் இன்னும் கட்டவேண்டிய மாதங்கள் இருக்கின்றன என்று சொன்னாலும் அதைக் கழித்துப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அந்தக் காசை நீங்கள் செலவழிக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. கடன் அடைக்கலாம். பழுதான வாஷிங் மெஷினை மாற்றலாம். அவருக்கு ஏறி இறங்க வசதியான கட்டில் வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிட்டையை வையுங்கள். தம்பியின் பெயருக்கு மாற்றிவிடுவதோ, மறைக்க என்று நகையாக்குவதோ கூடாது. அப்படிச் செய்தால் காசு இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கிடலாம். உங்கள் தாலிக்கொடியையும் காப்பையும் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாவனையில் உள்ள சொந்த உடைமைகள் மூலதனம் அல்ல.

மகனின் சம்பளத்தை உங்கள் வருமானமாக எடுக்கமாட்டார்கள். 21 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் வாடகைப் பகுதியில் மாதம் 93.02 (2025-26 அளவு) குறைப்பது வழக்கம். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிப்பில் அன்றாட வாழ்க்கைப் பகுதி வருமென்றால் அதுவும் குறையாது. நடமாட்டப் பகுதி மட்டும் வருகிறதா, அன்றாடப் பகுதியும் வருகிறதா என்று பிப் கடிதத்தைப் பாருங்கள். கேரர்ஸ் அலவன்ஸ் கிடைப்பதைப் பார்த்தால் அன்றாடப் பகுதி இருக்கத்தான் வேண்டும்.

உங்களை வேலைக்கு அனுப்பவும் மாட்டார்கள். கிழமைக்கு 35 மணிக்கு மேல் அவரைப் பராமரிக்கிறீர்கள், அவருக்குப் பிப் இருக்கிறது. அவருக்கும் உங்களுக்கும் வேலை தேடும் நிபந்தனை எதுவும் கிடையாது. ஆனால் இருவரும் கிளெய்மன்ட் கமிட்மென்ட் என்ற யுனிவர்சல் கிரெடிட் ஒப்பந்தத்தை ஏற்கவேண்டும், அதை ஏற்காமல் விட்டால் விண்ணப்பமே மூடப்படும். நேர்காணலில் "வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்று அடக்கமாகச் சொல்லிவிடாதீர்கள். நம் பெண்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவரைக் குளிக்க வார்ப்பது, சாப்பாடு ஊட்டுவது, இரவில் எழுப்பி மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது, குளிசை கொடுப்பது, எல்லாவற்றையும் மணிக் கணக்கோடு சொல்லுங்கள்.

விண்ணப்பம் கணினியில். ஒருவர் கணக்குத் திறந்ததும் ஒரு எண் வரும், மற்றவர் தன் கணக்கைத் திறந்து அந்த எண்ணைப் போட்டு இரண்டையும் சேர்க்கவேண்டும். பலர் இங்கேதான் தடக்குப்படுகிறார்கள். ஒருவர் நிரப்பிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுவார், மற்றவரின் கணக்குத் திறக்காமலே கிடக்கும். அவருக்குப் பேச்சுத் தெளிவில்லை என்பதை முதலிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கக் கேட்கலாம், தொலைபேசியில் விண்ணப்பிக்கவும் முடியும், தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். அவருக்காக நீங்கள் பேசவேண்டுமென்றால் அவருடைய சம்மதத்தை ஜேர்னலில் பதியவேண்டும். அந்தச் சம்மதம் குறிப்பிட்ட ஒரு விஷயத்துக்குத்தான், பிறகு புதிதாகக் கொடுக்கவேண்டும். அவர் தன் அலுவலைத் தானே விளங்கிச் செய்ய முடியாத நிலை என்றால் உங்களை நியமனதாரியாகப் பதியக் கேளுங்கள்.

இதற்குத்தான் 150 பவுண் கேட்கிறார் அந்த மனிதர். காசு போவதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அவரிடம் போவது. காசு விழும் வங்கிக் கணக்கை அங்கேதான் மாற்றுவது. அவர் பிழையாக ஒன்றை எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது, பதில் சொல்லவேண்டியதும் நீங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஹெல்ப் டு கிளெய்ம் என்று இதற்கென்றே இலவச உதவி இருக்கிறது. கடிதத்தில் உள்ள இலக்கமும் இலவசம். மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள், கடவுச்சொல் உங்கள் கொப்பியில் இருக்கட்டும்.

வாடகை இனி உங்கள் கையில் வரும். இதுவரை கவுன்சில் வீட்டு உரிமையாளருக்கு நேரே அனுப்பியிருந்தால் அது நின்றுவிடும், நீங்கள் கட்டவேண்டும். யுனிவர்சல் கிரெடிட் காசு வந்த அன்றே வாடகை போகும்படி வங்கியில் ஒழுங்கு செய்யுங்கள். வாடகை ஒப்பந்தக் கடிதம் இல்லாமல் கையில் காசாகக் கொடுத்துவருகிறீர்கள் என்றால் இந்தக் கிழமையே எழுத்தில் வாங்குங்கள், வங்கி வழியாகக் கட்டத் தொடங்குங்கள். கவுன்சில் டாக்ஸ் குறைப்பு யுனிவர்சல் கிரெடிட்டுக்குள் இல்லை. அதைக் கவுன்சிலிடம் தனியாகக் கேட்கவேண்டும், ஹவுசிங் பெனிபிட் நிற்கும்போது இதுவும் சேர்ந்து நின்றுவிடாமல் பாருங்கள்.

விண்ணப்பிக்க நவம்பர் நடுப்பகுதி உங்களுக்கு நல்லது. உறுதியின் படமும் காணி மதிப்பும் வந்துசேர நேரம் இருக்கும், பழைய உதவியில் கேரர் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்தவும் நேரம் இருக்கும், தை மாதத்துக்கு முன் நேர்காணலும் முடிந்துவிடும். முதல் மாதப் பட்டியல் ஜேர்னலில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். அடிப்படை, வாடகை, பராமரிப்பு, உடல்நலப் பகுதி, இந்த நான்கும் இருக்கவேண்டும். இடைமாற்றப் பகுதி தேவைப்பட்டால் அதுவும். ஒன்று விடுபட்டாலும் அன்றைக்கே ஜேர்னலில் எழுதுங்கள். தீர்மானம் பிழை என்றால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம், அதிலும் சரிவராவிட்டால் நியாயசபைக்குப் போகலாம்.

ஊர்ப் பயணத்துக்கு வருகிறேன். யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரு மாதம் வரை வெளிநாட்டில் இருக்கலாம். கேரர்ஸ் அலவன்ஸுக்கு நான்கு கிழமை. ஆகவே இருபத்தைந்து நாளுக்கு மேல் போகாமல் டிக்கெட் போடுங்கள். போகும் நாளையும் திரும்பும் நாளையும் இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள். நீங்கள் இல்லாத நாளில் அவரை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். கொக்குவிலுக்குப் போனால் காணிப் பதிவகத்தில் அந்தச் சீதன உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து வாருங்கள். வாட்ஸ்அப் படம் நவம்பருக்குப் போதும், பிறகு எப்போதாவது கேட்டால் காட்ட அது வேண்டும். அம்மாவை நான் சுகம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.